அம்மாக்கண்ணு அத்தை உடைத்த சுவர்

அம்மாக்கண்ணு அத்தையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. இப்படி ஓர் அழுத்தக்காரியை, நடிப்புக்காரியை, முகம் மாறாமல் பொய் சொல்கிறவளைச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்திலும் பார்க்க முடியாது. கோபம் அடங்கினால் அழுகை வருகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் எழுதினால்தான் உண்டு.

வட்டவளையில் ரயிலை விட்டு இறங்கி மேலே ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு வரும். மழையில் நனையாமல் அங்கே ஏறியவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் கடைசி லயத்தில், ஒரே வரிசையில் எட்டுக் காம்பிரா. காம்பிரா என்றால் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு சின்னத் தாழ்வாரம், அவ்வளவுதான். ஏழாவதில் நாங்கள்: அப்பா, அம்மா காளியாயி, ஒற்றைப் பிள்ளையான நான். எட்டாவதான தொங்கல் காம்பிராவில் அம்மாக்கண்ணு அத்தையும் அவள் மகள் கிருஷாந்தியும். எங்களுக்குள் சொந்தம் என்று எதுவும் கிடையாது. அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் ‘மதினி’ என்று கூப்பிட்டுக்கொண்டதால் அவள் எனக்கு அத்தை ஆனாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். சுவர் என்று பெயர்தான். அத்தை வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அப்பா அம்மாவிடம் கேட்கிற கேள்விக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை பதில் சொல்வாள். விடியற்காலையில் அவள் அகப்பைக் காம்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவாள். பிறகு இருவரும் ஒன்றாக வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவார்கள், மலையில் அடுத்தடுத்த நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பார்கள், பேசிக்கொண்டே ஏறிப் பேசிக்கொண்டே இறங்குவார்கள். அப்படி என்னதான் பேசினார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் வளர்ந்தது பாதி எங்கள் வீட்டில், பாதி அத்தை வீட்டில். ஸ்கூல் விட்டு நனைந்துபோய் வந்தால் அவள் முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டு, சூடாக ரொட்டியும் கட்டசம்பலும் கையில் வைப்பாள். அந்த ரொட்டியின் ஓரம் எப்போதும் கொஞ்சம் கருகியிருக்கும். கொழும்பில் எத்தனையோ கடையில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன், அந்தக் கருகலை எவனும் சுடமாட்டேன் என்கிறான்.

கிருஷாந்திக்கு மூன்று வயதாக இருக்கும்போது அத்தையின் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனார். போனவர் போனவர்தான். அத்தை அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் என்கிற பெருமை மட்டும் அவளிடம் நிறைய இருந்தது. கருவாடு சுற்றி வந்த பேப்பரைக்கூட எழுத்து விடாமல் வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள்.

இவ்வளவு ஒட்டிக் கிடந்த இரண்டு வீடும் ஓர் ஆணியால் பிரிந்தன. நான் உயர்தரப் படிப்பு முடித்துக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தீபாவளிக்கு வந்தபோது ஹட்டனில் டை கட்டிக்கொண்டு எடுத்த போட்டோ ஒன்றைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நடுச்சுவரில் ஆணியை வைத்து அம்மிக்குழவியால் ஓங்கி அடித்தாள். இந்தப் பக்கம் ஆணி இறங்கியது. அந்தப் பக்கம் ஒரு கை அகலத்துக்குச் சாந்து பெயர்ந்து, அத்தை முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது.

அத்தை ஓடிவந்து கத்தினாள். அம்மாவும் கத்தினாள். கத்தியதோடு நின்றிருந்தால் அடுத்த நாள் சரியாகியிருக்கும். அம்மா வாய் தவறி, “புருசன வச்சுக் காப்பாத்தத் தெரியாதவளுக்குச் சொவர் ஒண்ணுதான் கொறச்சல்” என்று சொல்லிவிட்டாள். அத்தை அப்படியே திரும்பிப் போனாள். அதன்பிறகு இரண்டு வருஷம் அவள் எங்கள் இஸ்தோப்பில் கால் வைக்கவில்லை, அம்மாவும் அவள் இஸ்தோப்பில் கால் வைக்கவில்லை. மலையிலும் ஆளுக்கொரு மூலையில் நிரை பிடித்தார்கள். அப்பா நெஞ்சுச் சளியில் படுத்தது அந்த இரண்டு வருஷத்துக்குள்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதம் விடியற்காலையில் அப்பா போய்விட்டார். செய்தி கேட்டு நான் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. இஸ்தோப்பில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கோயில் பண்டாரம் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகமே சரியில்லை.

“தம்பி, அப்பா அவிட்டத்துல போயிருக்காரு. ஆறு மாசம் அடைப்பு.”

அடைப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போனால் அந்த வீட்டைப் பூட்டிவிட வேண்டும். பிணத்தை வழக்கமான வாசல் வழியாக எடுத்தால் ஆறு மாசத்துக்கு அங்கே விளக்கேற்றக் கூடாது, ஆள் புழங்கக் கூடாது. நாலு அறை உள்ள வீட்டுக்காரன் ஓர் அறையைப் பூட்டிக்கொள்ளலாம். இருப்பதே ஓர் அறை என்றால் அம்மா எங்கே போவாள்? கொழும்பில் நான் ஐந்து பேரோடு கடை மாடியில் படுக்கிறவன். அப்பா செத்த துக்கத்தைவிட அந்தக் கேள்விதான் அந்த நிமிஷம் என் தலையில் ஏறி உட்கார்ந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

“வேற வழி இல்லையாங்க?” என்று கேட்டேன்.

“இருக்கு. வாசல் வழியா எடுக்காம, சொவத்துல புதுசா ஒரு வழி வெட்டி அது வழியா எடுத்தா தோசம் இல்ல.”

மேசன் செல்லசாமியைக் கூப்பிட்டார்கள். அவர் மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தார். முன்சுவர் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல், அதில் கை வைத்தால் கூரை இறங்கிவிடும் என்றார். பின்சுவருக்கு அப்பால் மலையை வெட்டிய மண்மேடு, பாம்புகூடப் போக முடியாது. இடது பக்கத்து ஆறாவது காம்பிராவில் பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆன பச்சை உடம்புக்காரி படுத்திருந்தாள். செல்லசாமி கடைசியாக வலது பக்கச் சுவரைத் தட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அது அத்தை வீட்டுச் சுவர். அதை உடைத்தால் அப்பாவை அத்தை வீட்டுக்குள் கொண்டுபோய், அத்தை வாசல் வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத வீடு. அது போதாதென்று கிருஷாந்திக்குப் பொகவந்தலாவையில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணிக் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்குள்ளே ஓர் அடைப்புப் பிணத்தை விடுகிறாயா என்று எந்த வாயால் கேட்பது? அம்மா, “வேணாம்டா, நான் எங்கயாச்சும் கெடந்துக்கிறேன், பூட்டிருங்கடா” என்று அழுதாள்.

அந்த நேரத்தில் சுவர் ‘தொம்’ என்று அதிர்ந்தது. சாமிப் படம் ஆடியது. இன்னொரு ‘தொம்’. ஒரு செங்கல் எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து பாயில் விழுந்தது. ஓட்டை வழியாக அலவாங்குக் கடப்பாரையின் முனை தெரிந்தது.

“அக்கா! மேல கட்டை குடுக்காம ஒடைக்காதீங்கக்கா! மொத்தமா வந்துரும்!” என்று செல்லசாமி அலறினார்.

“அப்ப வந்து குடு. வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கா ஒன்னய கூப்பிட்டாங்க?” என்று அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் கேட்ட குரல்.

செல்லசாமி அடுப்புக்கரியால் சுவரில் கோடு போட்டார். மூன்றடி அகலம், ஆள் உயரம். முதலில் மேலே ஒரு வரிசைக் கல்லை மட்டும் உருவி, அந்த இடத்தில் ஒரு சவுக்கு மரக் கட்டையைச் செருகினார். பிறகு மேலிருந்து கீழே ஒவ்வொரு கல்லாக எடுத்தார். கல்லை வாங்கி வாங்கி அடுக்கியது அத்தைதான். தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா குடை பிடித்துக்கொண்டு வந்து, “தொரைக்கு நான் சொல்லிக்கிறேன். பதினாறு முடிஞ்சதும் பழையபடி கட்டிறணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்திக்குள் அப்பாவை அந்த வழியாகத் தூக்கினோம். அத்தை தன் வீட்டு ஜாமான்களையெல்லாம் ஒரு மூலையில் ஒதுக்கி, தரையைக் கழுவி, அப்பா போகிற பாதையில் ஒரு கைப்பிடிப் பூவும் தூவி வைத்திருந்தாள்.

அந்த வாசல் இன்றைக்கும் இருக்கிறது. பதினாறு முடிந்து கண்டாக்கையா வந்து கேட்டபோது, மழை விட்டால்தான் சிமெந்து காயும் என்றார்கள் அம்மாவும் அத்தையும். வட்டவளையில் என்றைக்கு மழை விட்டிருக்கிறது? கேட்டுக் கேட்டு அவரும் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நான் பிறகு ஒரு நிலை வாங்கிக் கொடுத்தேன். கதவு மட்டும் போடவேயில்லை.

கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அப்பா வீரய்யா இரண்டு ஆட்களோடு வருகிறார் என்று செய்தி வந்தது. விஷயம் பொகவந்தலாவை வரைக்கும் போய்விட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. அத்தை குடையை எடுத்துக்கொண்டு கீழே ரோட்டுக்கே போய் அவர்களை அழைத்துவந்தாள். வந்தவர்கள் சாக்கு தொங்கவிட்ட அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கிருஷாந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வீரய்யா தொடவில்லை. “பாத்துச் சொல்றோம்” என்ற ஒரு வார்த்தையோடு எழுந்து போய்விட்டார்.

அவர்கள் போனதும் அத்தை நடு வீட்டில் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். சாக்குக்கு இந்தப் பக்கம் அம்மா விறைத்துப்போய் நின்றாள். புருஷனைப் பறிகொடுத்தவள் பதினாறு முடியும் வரை வாசல்படி தாண்டக் கூடாது. ஆனால் இது வாசல் இல்லையே, ஓட்டைதானே. அம்மா சாக்கை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். “மதினி, ஒம்புள்ள வாழ்க்கையவே கெடுத்துட்டேனே” என்று அத்தையின் காலடியில் உட்கார்ந்தாள். அத்தை, “யாரு புள்ள?” என்று கேட்டாள். “நம்ம புள்ள” என்றாள் அம்மா. பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். சும்மா சொல்லக் கூடாது, நானும் சாக்குக்குப் பின்னால் நின்று அழுதேன். கிருஷாந்தி மட்டும் அழாமல், ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அத்தை வீட்டில்தான் இரண்டு வீட்டுச் சமையலும். அவள் மலைக்குப் போய்விட்டு வந்து அம்மாவுக்குத் தலை சீவிவிடுவாள். பேசாமல் விட்ட இரண்டு வருஷத்துப் பேச்சையும் பன்னிரண்டு நாளில் பேசித் தீர்த்தார்கள். கல்யாணத்தைப் பற்றி மட்டும் அம்மா பேச்சை எடுத்தால் அத்தை ஒரு பெருமூச்சு விடுவாள், அம்மா குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொள்வாள்.

பதினாறாம் நாள் கருமாதி. அன்று காலையில் பண்டாரம் பேயறைந்தவர் மாதிரி வந்து நின்றார். கருமாதிக்கு நேரம் பார்க்க, ஈரத்தில் ஊறியிருந்த பஞ்சாங்கத்தை அடுப்பு மேலே காயவைத்திருக்கிறார். காய்ந்ததும் ஒன்றாய்த் தெரிந்த தாள் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆடி மாதத் தாள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டதில், அன்றைக்கு அவர் பார்த்தது ஆவணி மாதத்து நட்சத்திரம்.

“அப்பா போனது பூராடத்துல தம்பி. அடைப்பே கெடையாது” என்றார்.

அம்மா அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒரு நல்ல சுவர் போச்சு, ஒரு குமரிப் பிள்ளையின் கல்யாணம் போச்சு, எல்லாம் இந்த மனுஷனின் ஈரப் பஞ்சாங்கத்தால். “போ, போயி அவங்க கால்ல விழுந்து சொல்லு. கல்யாணம் நடக்கலன்னா ஒன்ன உசுரோட விடமாட்டேன்” என்றாள். கருமாதி முடிந்த அடுத்த நாள் காலையில் நான் பண்டாரத்தைப் பிடித்து ஹட்டனுக்குக் கூட்டிப்போய், அங்கேயிருந்து பொகவந்தலாவை பஸ்ஸில் ஏற்றினேன். வளைவுக்கு வளைவு அவர் முருகா முருகா என்றார். அவர் பயந்தது ரோட்டுக்கா வீரய்யாவுக்கா என்று தெரியவில்லை.

வீரய்யா முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இத சொல்லத்தானா தம்பி இம்புட்டுத் தூரம் வந்தீங்க? சம்பந்தியம்மா அன்னிக்கு ரோட்டுலயே கலண்டர் தாளக் காட்டிருச்சே. பூராடம்னு கொட்ட எழுத்துல போட்டிருந்திச்சு. வீட்டுக்கு வந்து எங்க கலண்டர்லயும் பாத்துக்கிட்டோம். கல்யாணம் சொன்ன தேதியிலதான்.”

நான் விடவில்லை. “அப்ப ஏங்க தேத்தண்ணிகூடக் குடிக்காமப் போனீங்க?”

“அந்தம்மாதான் குடிக்காமப் போகச் சொன்னுச்சு. மொகத்த உர்ருன்னு வச்சுக்கிட்டுப் போங்க, பதினாறு முடியிற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடாதீங்கன்னுச்சு. எதுக்குன்னு கேட்டேன். அது எங்க ரெண்டு வீட்டுக் கதைன்னுருச்சு.”

தோட்டத்தில் ஆடுகிற காமன் கூத்தில் பொம்பளைகளைச் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தால் எங்கள் தோட்டத்துக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் கொதித்துக்கொண்டே வந்தேன். செத்த வீட்டில் வைத்து எங்களை ஆட்டிவைத்திருக்கிறாள். அம்மாவை இத்தனை நாள் குற்றவாளியாகத் தலைகுனிய வைத்திருக்கிறாள். பண்டாரத்திடம் மட்டும், இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லியிருந்தால் அவர் தலையில் விழுந்த பழி கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனாலும் அந்த மனுஷன் இன்றுவரை சொல்லவில்லை.

அம்மா காதில் விழக்கூடாது என்பதற்காக லயத்துக்குப் போகாமல் மலைப்பாதையிலேயே காத்திருந்தேன். அத்தை கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“வீரய்யா அண்ணன் ஒளறிட்டாரா?”

“ஏன் அத்த இப்பிடிச் செஞ்சீங்க? மொதல்லயே தெரியுமா?”

“பண்டாரம் அவிட்டம்னு சொன்னப்பவே உள்ள போயி கலண்டரப் பாத்தேன். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள செல்லசாமி எஞ்சொவத்துல வந்து தட்டுனான்.” அத்தை கூடையைக் கீழே வைத்தாள். “சொல்லியிருந்தா என்னா ஆகியிருக்கும்? முன்வாசல் வழியா எடுத்திருப்பீங்க. நானும் எல்லாரோடயும் சேந்து அழுதுட்டு வந்திருப்பேன். சாவுக்கு எல்லாருந்தான் வருவாங்க ஜெயா. பதினாறு முடிஞ்சா அவங்கவங்க வீடு, அவங்கவங்க கதவு.”

“அதுக்காக...”

“கேளு. ஒங்கப்பா இருமுன இருமல் பூராத்தையும் நான் சொவத்துக்கு இந்தப் பக்கம் ஒக்காந்து கேட்டிருக்கேன். அடுப்புல சுடுதண்ணி கொதிச்சுக்கிட்டு இருக்கும். ஒரு கிளாஸ் கொண்டுபோயிக் குடுக்க ரோசம் விடல. அன்னிக்கு விடிய இருமல் நின்னிருச்சு. ஒங்கம்மாவுக்கு முந்தி எனக்குத் தெரியும். கரண்டியக் கையில புடிச்சுக்கிட்டு அப்பிடியே நின்னேன். அப்பவும் போகல. இனிமே அந்தப் பக்கம் ஒங்கம்மா தனியா ஒக்காந்து அழுவா. அதையும் இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கிட்டே இருக்கச் சொல்றியா?”

அப்பா இருமிய இருமலில் பாதியைக்கூட நான் கேட்டதில்லை. நான் கொழும்பில் இருந்தேன். பெற்ற பிள்ளை கேட்காததையெல்லாம் இவள் ஒற்றை ஆளாகக் கேட்டிருக்கிறாள்.

“போ, ஒங்கம்மாகிட்ட சொல்லு” என்றாள் அத்தை. “சொன்னா நாளைக்கே அடைச்சிருவா. அவளும் ரோசக்காரிதான். கல்யாணம் போச்சுன்னு நெனச்சதாலதான் சாக்கத் தாண்டி எங்கிட்ட வந்தா.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா பதறிக்கொண்டு, “என்னா சொன்னாங்க?” என்று கேட்டாள். பண்டாரம் காலில் விழுந்தார், அவர்கள் மனசு இறங்கிச் சம்மதித்தார்கள் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் பொய் சொன்னதில்லை. அம்மா அந்தச் செய்தியை அத்தையிடம் சொல்ல ஓடினாள். சாக்குக்கு அந்தப் பக்கம், “மெய்யாவா மதினி?” என்று அத்தை முதன்முதலாகக் கேட்கிறவள் மாதிரி வியந்தாள். வியந்த வியப்பில் என் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் நான் கொழும்புக்குப் புறப்பட வேண்டியிருந்தது. பதினாறு நாளும் அந்தக் காலையை நினைத்துத்தான் எனக்குப் பயம். மூன்று பேர் இருந்த காம்பிராவில் அம்மாவை ஒற்றையாக விட்டுவிட்டு எப்படி இறங்குவேன்? ஒவ்வொரு தடவையும் நான் புறப்படும்போது அம்மா இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு, நான் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிற்பாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்குவேன்.

அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அம்மா, போயிட்டு வர்றேன்” என்றேன். பதில் இல்லை. சாக்கை விலக்கிப் பார்த்தேன். கிருஷாந்தியின் கூறைச் சேலைக்கு என்ன நிறம் எடுப்பது என்று அம்மாவும் அத்தையும் அடுப்புக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை சொன்னேன். அம்மா திரும்பக்கூட இல்லை.

“ம், போயிட்டு வா. கதவச் சாத்திட்டுப் போ.”

என் அம்மா என்னை வழியனுப்ப வராத நாள் அது ஒன்றுதான். அன்றைக்குத்தான் நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் வட்டவளை வரைக்கும் இறங்கினேன்.